உப்பில்லாத கல்

வரட்டும். சாயங்காலம் வாரேன்னுதான சொன்னாரு, வந்து கேக்கட்டும், என்கிட்டயும் பதில் இருக்கு, ஒண்ணில்ல, ஒம்பது இருக்கு, அதுல ஒண்ணுதான் மரியாதையானது, மிச்சத்த மொகத்தப் பாத்துட்டுத்தான் வெளிய எடுக்கணும். சார், நீங்க வைக்கச் சொன்ன எடத்துல நான் ஒரு புள்ளிகூட வைக்கல. இப்படி ஆரம்பிக்கலாமா? வேண்டாம், இப்படி ஆரம்பிச்சா அடுத்த வரிய அவரு சொல்லிருவாரு, "அப்ப நீ வேற கைடு பாத்துக்கோ மக்களே." நாகர்கோவில்காரரு, கழுத்த அறுத்தாலும் மக்களேன்னு கூப்ட்டுத்தான் அறுப்பாரு. சிதம்பரதாணு, எங்க டிப்பார்ட்மெண்டுக்கே தாணு சாரு, என் பி.எச்.டி.க்குக் கைடு, என் தலையெழுத்துக்கும் அவருதான் கைடு. போன வாரம் இதே வார்த்தையச் சொல்லிட்டாருல்லா, சும்மா மெரட்டுனாரா நெசமாவே சொன்னாரான்னு அன்னைக்கிலேருந்து ரோசிச்சுக்கிட்டுக் கெடக்கேன், சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, சிரிச்சுக்கிட்டுச் சொல்லுதவங்கதான் செஞ்சிருவாங்க. சரி, சைபர் வந்துட்டா ஒரு பேச்சும் வேண்டாம். சோடியம் சைபர். அது மட்டும் வந்துட்டா நான் வாயவே தொறக்க மாட்டேன், கம்ப்யூட்டரத் திருப்பிக் காட்டிட்டு பேசாம நிப்பேன், நான் பேசாம நிக்கத நம்ம டிப்பார்ட்மெண்டுல யாரும் பாத்ததில்ல, அந்த அதிர்ச்சியிலயே மனுசன் ஒத்துக்கிடுவாரு. வரலேன்னா? வரலேன்னா நெனைக்கக்கூடாது. வெளிய ஊரே வெந்துக்கிட்டுக் கெடக்கு, இங்கன கட்டடத்துக்கு அடியில ஏ.சி. போட்டு ஐஸ் பெட்டியாட்டம் ஒரு ரூம்பு, நான் துப்பட்டாவக் காதச் சுத்திக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், முன்னால மிஷினு. கல்யாண வீட்டு இட்லிக் கொப்பரைய ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி நாலா பக்கமும் வயரு சொருகுன மாதிரி இருக்கும், ஆனா தலைமுடியவிடச் சன்னமான எடத்துல, அதத்தான் புள்ளிங்கோம், எலக்ட்ரானப் பாய்ச்சி, இந்தா இதுல இவ்வளவு இரும்பு, இவ்வளவு கால்சியம், இவ்வளவு சோடியம்னு பிரிச்சுச் சொல்லிரும். பொய் சொல்லாது. மொகத்துக்காகச் சொல்லாது. எனக்கு இந்த யுனிவர்சிட்டியிலயே ஒத்துப்போறது இந்த மிஷினு ஒண்ணுதான். "ஏட்டி ஆவுடை, கொஞ்சம் தள்ளி உக்காரு, நீ மொறைக்க மொறைப்புல மிஷினு பயந்து நின்னுரப் போவுது"ங்கா ஜெசிந்தா அக்கா. தூத்துக்குடிக்காரி, மிஷினுக்குப் பொறுப்பு அவதான், காதுல ஒரு பக்கம் மட்டும் இயர்போனச் சொருகி சீரியல் கேக்கா, மறுகாது எனக்கு. நான் சொன்னேன், "அக்கா, பயப்படுத மிஷினா இருந்தா அது ஒங்களப் பாத்தே என்னைக்கோ நின்னுருக்கும்." சிரிக்கா. மொத புள்ளி ஓட ஆரம்பிச்சிருச்சு.

உள்ள கெடக்கது நகக்கண்ணு அளவு ஒரு சில்லு. கல்ல அறுத்துத் தேச்சுக் கண்ணாடியாட்டம் பளபளன்னு ஆக்கி உள்ள வச்சிருக்கு. முழுக் கல்லு உரிச்ச தேங்கா அளவு இருந்துச்சு, மேல தோசைக்கல்லு கருப்பு, கோவில்பட்டிக்கு வடக்க சிந்தலக்குண்டுல ஒரு வெங்காயக் காட்டுல வந்து விழுந்துச்சு, கரிசக்காட்டுல கருப்புக் கல்லு, பாத்தி ஒடைஞ்சு கெடந்ததாலதான் கண்டுபிடிச்சாங்க. விண்கல்லுன்னா அதுக்குன்னு டப்பா டப்பாவா பேரு இருக்கு, எந்த டப்பான்னு சொல்லணும், அதான் எங்க வேல. மொத கேள்வி, உள்ள சவ்வரிசி மாதிரி குட்டிக்குட்டி உருண்ட இருக்கா? முக்கால்வாசிக் கல்லுல இருக்கும். இதுல இல்ல. அப்ப இது ஒரு தடவ உருகிக் கொழம்பாகி ஆறுன கல்லு. எந்த அடுப்புல உருகுச்சு? நிலாவா, செவ்வாயா, வெஸ்டாங்குத குறுங்கோளா? தாணு சாரு பாத்த ஒடனே சொல்லிட்டாரு, வெஸ்டா, உருகுன கல்லு எது வந்தாலும் வெஸ்டாதான் மக்களே, கண்ண மூடிக்கிட்டு சொல்லலாம். கண்ண மூடிக்கிட்டா! கண்ணத் தொறந்து பாருங்க சார்னு மைக்ராஸ்கோப்ப அவரு பக்கம் நான் தள்ளுனது மரியாதக் கொறவுன்னு டிப்பார்ட்மெண்டு பூரா பேச்சு. பாத்தா தெரியுமே, பைராக்சின்னு ஒரு கனிமம் கத்திரிப்பூக் கலரும் காப்பிக் கலரும் கலந்த மாதிரி நிக்கி, வெஸ்டாக் கல்லுல அந்தக் கலரு எங்கன இருக்கு? ஆலிவின்னு இன்னொரு கனிமத்துல கால்சியம் ஏறிக் கெடக்கு, அது அங்கன இருக்கவே கூடாது. இது ஆங்ரைட்டு. ஒலகம் பூராவும் தேடுனா ரெண்டு கை வெரலு நாலஞ்சு தடவ மடக்குதுக்குள்ள எண்ணிரலாம். பேருல 'ஆங்ரி' இருக்கேன்னு லேப்புல எல்லாவளும், ஒனக்குன்னு பாத்து விழுந்திருக்கு ஆவுடைன்னு கெக்கெக்கேன்னு சிரிச்சாளுவ. சிரிக்கட்டும். சூரியனே கைப்புள்ளையா கெடக்கையில உருகுன கல்லு இது, பூமிக்கெல்லாம் அப்ப பேருகூட வைக்கல, அந்தச் சூட்டுல இதுல இருந்த சோடியமெல்லாம் ஆவியா எந்திரிச்சுப் போயிருச்சு. அதனால இதோட ஃபெல்ஸ்பார்ங்குத கனிமத்துல சோடியம் கெடையாது. வெஸ்டாக் கல்லுன்னா ஒரு சிட்டிகையாவது இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம், ஒரு சிட்டிகை உப்பு. உப்பு இருந்தா அவரு சொன்னது, இல்லேன்னா நான் சொன்னது. இந்த ஒரு சிட்டிகைக்குத்தான் மெஸ்ஸுல சோறு எறங்காம அலையுதேன், நேத்து ரசத்துல உப்பு இல்லன்னு எல்லாரும் சத்தம் போட, நான் மட்டும் நல்ல சகுனம்னு ரெண்டு கரண்டி வாங்கிக் குடிச்சேன்.

ரெண்டாவது புள்ளி. இன்னும் எழுத்து வரல, எல்லாம் முடிஞ்சுதான் கணக்குப் போட்டுக் குடுக்கும். கை ஜில்லுன்னு இருக்கு. பயமா? எனக்கா? ஏ.சி. அது. சரி, பயம்னே வச்சுக்கோ. இன்னைக்கு ஒரு நாளுக்காக எத்தன மாசம் மனு போட்டுக் காத்துக் கெடந்தோம், தாணு சாரு தெளிவா சொல்லி விட்டாரு, எல்லாப் புள்ளியையும் அந்த வெள்ளக் கீத்துல வையி. நான் ஒண்ணுகூட வைக்கல, எல்லாத்தையும் ஃபெல்ஸ்பார்லயும் ஆலிவின்லயும்தான் வச்சேன். கல்லுக்குள்ள ஒரு விரிசலு, விரிசலுக்குள்ள வெள்ளையா ஒரு கீத்து, அதுல பொட்டாசியம், பாஸ்பரஸு, குளோரினு. முந்தி ஒரு தடவ அவசரத்துல பாத்தப்பவே அது வந்திருச்சு, அன்னைக்கிலேருந்து மனுசன் தரையில நடக்கல. தண்ணி மக்களே, தண்ணி! இந்தக் கல்லுக்குள்ள தண்ணி ஓடியிருக்கு, ஓடி வத்திப்போயி உப்ப விட்டுட்டுப் போயிருக்கு, நம்ம ஊரு உப்பளத்துல நடக்குமே அது வானத்துல நடந்திருக்கு. திங்கக்கிழமை பெரிய கூட்டம், ஊருபட்ட விஞ்ஞானிங்க வாராங்க, அங்கன இதத்தான் பேசப் போறாரு, அவரு பேருக்கு அடியில என் பேரு. என் பேரு! ஒடம்புல சோடியமே இல்லாத கல்லு எப்படி சார் பொட்டாசியமா வேர்க்கும்? கேட்டேனே. அதுக்கு என்ன சொன்னாரு, "ஒனக்கு உப்பும் காரமும் ரெண்டும் கூட மக்களே, அதுல கொஞ்சம் கல்லுக்குக் குடு." எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சிட்டேன், அதுதான் எனக்கு வயித்தெரிச்சல், சண்டைக்கு நடுவுல சிரிப்பு வந்துட்டா அப்பொறம் பிடி போயிரும். பொறவு ஒரு கேள்வி கேட்டாரு பாரு, அதுலதான் மாட்டிக்கிட்டேன். சரி, வானத்துத் தண்ணி இல்லன்னா அது என்னது? பூமியில ஒட்டுன அழுக்குன்னேன். எந்த அழுக்கு? கரிச மண்ணுல இவ்வளவு பொட்டாசியம் இல்ல, மண்ணையும் எடுத்துப் பாத்தாச்சு. மழைத் தண்ணின்னேன். விழுந்து மறுநாளே எடுத்தோம், அந்த மாசம் பூராவும் ஒரு தூத்தல் கெடையாது. ஒரம்னேன். வெங்காயத்துக்கு அந்தக் காட்டுக்காரம்மா ஒரமே போடல, எருவும் வைக்கல, கேட்டாச்சு. நான் மைக்ராஸ்கோப்புக்கே திரும்பிட்டேன். அந்தக் கீத்து என்னதுன்னு எனக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, அது என்னவா இருந்தாலும் இந்தக் கல்லோடது இல்ல.

சவத்தப் போடு, இன்னொரு பயமும் இருக்கே. சோடியம் சைபர்னு வந்தாலும் அவரு விடமாட்டாரு, நீ வெரட்டிட்டன்னு சொல்லுவாரு. நெசம்தான், சோடியம் ஒரு கோழ, எலக்ட்ரானக் கூராக் குத்துனா பயந்து அந்த எடத்த விட்டே ஓடிரும், அப்ப இருந்ததையும் இல்லன்னு காட்டும். போன வருசம் ஒருத்தன் அப்படிக் குத்தியே ஒரு பேப்பரு எழுதிட்டான், அவன நான் கேள்வி கேட்டே அழ வச்சேன். இப்ப என்னைய யாராவது அழ வைக்கணுமே. அதுக்குத்தான் எலக்ட்ரான் கதிர நல்லா அகலமா விரிச்சு வச்சேன், சோடியத்த மொத ஆளா எண்ணச் சொன்னேன், சோடியம் நெறைய இருக்க ஒரு தெரிஞ்ச கனிமத்தையும் பக்கத்துலயே வச்சு, அதுல சரியா வருதான்னு பாத்துட்டுத்தான் தொடங்கவே செஞ்சேன். எல்லாம் சரி. எல்லாம் சரியாத்தான் இருக்கு. பொறவு ஏன் திரும்பத் திரும்ப எண்ணிக்கிட்டு இருக்கேன்? வீட்டப் பூட்டிட்டுத் தெருமுக்கு வரைக்கும் போயி திரும்ப வந்து பூட்ட இழுத்துப் பாப்பாங்கல்லா, எங்கம்மா பாப்பா, பாத்துட்டு மறுபடியும் தெருமுக்குல நின்னு, ஏளா நான் பூட்ட இழுத்தனான்னு என்கிட்டயே கேப்பா. அந்த புத்தி எனக்கும் வந்திருச்சு. "என்னட்டி வாய் மட்டும் அசையுது, செபமா?"ங்கா ஜெசிந்தா அக்கா. "திட்டிக்கிட்டிருக்கேன் அக்கா." "யார?" "யாரையும் இல்ல, பொதுவா." "கர்த்தரே"ங்கா, சீரியலுக்குத் திரும்பிட்டா.

அந்த ஊரு நெனப்பு வருது. நல்ல ஊரு. வெங்காயக் காட்டுக்காரி முத்துப்பேச்சி, என்னையப் போலவே ஒரு வாயி, பாத்ததும் எனக்குப் பிடிச்சுப் போச்சு. நாங்க வேனுல போயி எறங்கும்போதே கல்லு சாமியாயிருச்சு, வேப்பமரத்தடியில உக்கார வச்சு மாலையப் போட்டு, ரெண்டு பொம்பளைங்க கொலவ போட்டு முடிச்சிருந்தாங்க. தாணு சாரு ஆராய்ச்சி, நாடு, விஞ்ஞானம்னு என்னெல்லாமோ சொன்னாரு. முத்துப்பேச்சி இடுப்புல கைய வச்சுக்கிட்டு, "தூக்கிட்டுப் போங்க, யாரு வேண்டாம்னா? எங்களுக்கு வெங்காயத்துக்கு எடம் வேணும். ஆனா சாமிய எடத்த விட்டு எடுக்கவுக குளுப்பாட்டித்தான் எடுக்கணும், எடுக்கவுக கையாலதான் செய்யணும், இல்லேன்னா போற வழியில வண்டி கவுந்துரும்"னா. டிரைவரு அண்ணன் ஒடனே, "சார், குளுப்பாட்டிருங்க சார்"ங்காரு. நான் குறுக்க விழுந்தேன், "சார், தண்ணி படக்கூடாது சார், கெட்டுப்போயிரும்." அவரு என்னையப் பாத்து, "மக்களே, கல்லு கெடைக்காமப் போயிரும், அது அதவிடக் கேடு"ன்னாரு. அன்னைக்குச் சண்ட போடல, அவரு சொன்னது சரி. பேண்ட மடிச்சு விட்டுக்கிட்டு, சட்டையக் கழத்திட்டு, பனியனோட நின்னாரு எங்க புரொபசரு. மொதல்ல தண்ணி. பொறவு பாலு. பொறவு முத்துப்பேச்சி ஒரு சருவம் நெறைய துன்னூற, அதான் விபூதிய, கரைச்சுக் குடுத்தா, அவளே சாணியத் தட்டி எரிச்சு எடுத்தது, கடையில வாங்குனதில்ல. அதையும் ஊத்துனாரு. எனக்குச் சிரிப்பு தாங்கல, வேனுக்குப் பின்னால போயி நின்னு சிரிச்சேன். மனுசன் அரகொறையாச் செய்யல, ஆசையாச் செஞ்சாரு, கல்லு மேல மெதுவா, நெறுக்குன்னு ஒரு விரிசலு ஓடுச்சே உச்சியில, அதுக்குள்ள எறங்குத வரைக்கும் ஊத்தி ஊத்தி. மரத்தடியில நின்ன கெழவரு ஒருத்தரு, "எய்யா, ஒங்க கையி நல்ல கையி"ன்னாரு. பொறவு கல்லத் தொடச்சுக் காயவச்சு வெயில்ல. விரிசலுக்குள்ள வெள்ளையா. எறங்குத வரைக்கும். தண்ணி. தண்ணி ஓடி வத்தி. அய்யய்யோ. பொட்டாசியம், சாம்பல்ல பொட்டாசியம் இல்லாம வேற என்ன இருக்கும்? சாணிச் சாம்பல்ல பாஸ்பரஸு இருக்கும், குளோரினு இருக்கும், கால்சியம் இருக்கும், பாலும் சேந்தாச்சு, கேக்கணுமா? மண்ணப் பாத்தோம், மழையப் பாத்தோம், எருவப் பாத்தோம். தாணு சாரு சொன்னது நூத்துக்கு நூறு சரி. இந்தக் கல்லுக்குள்ள தண்ணி ஓடியிருக்கு. அவருதான் ஊத்துனாரு! ஆத்தாடி, நானும்தான அங்கன நின்னேன், நின்னு பாத்துச் சிரிச்சிட்டு, பொறவு இத்தன மாசமா மைக்ராஸ்கோப்புல தேடுதேன். பத்து டப்பா தெரிஞ்சா என்ன, இருவது டப்பா தெரிஞ்சா என்ன. "ஏட்டி, ஏன் தனியாச் சிரிக்க? எனக்குப் பயமா இருக்கு"ன்னு ஜெசிந்தா அக்கா இயர்போனக் கழத்திட்டா. அவகிட்ட சொன்னேன். சொல்லி முடிக்கல, அவ மிஷின் மேல கைய ஊனிக்கிட்டுச் சிரிக்கா, கண்ணுல தண்ணி. "மாதாவே, அப்ப திங்கக்கிழமை அவரு..." "ஆமா அக்கா." "அத்தன பேருக்கு முன்னால..." "ஆமா அக்கா." ரெண்டு பேருமே சட்டுன்னு நிறுத்திட்டோம். பாவம். எனக்கு அவரு மேல பாவம்னு தோணுனது இதுதான் மொதத் தடவ, பழக்கமில்லாததுனால நெஞ்சுக்குள்ள என்னமோ மாதிரி இருக்கு.

டிக்குன்னு சத்தம். கணக்கு வந்துட்டு. பாக்க மாட்டேன். பாக்கேன். அக்கா, நீங்க பாருங்க. வேண்டாம், தள்ளுங்க, நானே பாக்கேன். சோடியம்னு போட்ட வரிசையில கண்ண எறக்குதேன், சைபர் புள்ளி சைபர் ரெண்டு, சைபர் புள்ளி சைபர் ஒண்ணு, சைபர், சைபர், மறுபடியும் சைபர் புள்ளி சைபர் ரெண்டு, கடைசி வரைக்கும். கூட்டுத்தொக நூறத் தொட்டுக்கிட்டு நிக்கி, ஒண்ணும் ஓடிப்போகல. பக்கத்துல வச்ச கனிமத்துல சோடியம் எவ்வளவு இருக்கணுமோ அவ்வளவு அப்படியே இருக்கு. ஆலிவின்ல கால்சியம். இரும்பும் மாங்கனீசும் வெஸ்டாக் கணக்குப் பக்கமே வரல. எனக்குக் கத்தணும் போல இருக்கு, கத்துனா மிஷினு அதிரும்னு ஜெசிந்தா அக்கா வாயில கைய வச்சுக் காட்டுதா, அதனால ரெண்டு பேரும் சத்தமில்லாமக் குதிக்கோம், செருப்பக் கழத்திட்டு. அந்நேரம்னு பாத்துக் கதவு. தாணு சாரு. இன்னைக்கு வெள்ளிக்கிழம, குளிச்சு நெத்தி நெறைய மூணு கோடு. "என்ன மக்களே, கரகாட்டமா? கீத்துல எத்தன புள்ளி வச்ச?" ஒம்பது பதிலும் எங்கன போச்சுன்னு தெரியல. "ஒண்ணுகூட வைக்கல சார்." அவரு சிரிக்கல. சிரிக்காம நான் அவரப் பாத்ததில்ல. கம்ப்யூட்டரத் திருப்புனேன். கண்ணாடியப் போட்டாரு, கழத்துனாரு, தொடச்சாரு, போட்டாரு. "சோடியத்த வெரட்டிட்ட." அடுத்த வரிசையக் காட்டுனேன். "கதிரு எவ்வளவு அகலம்?" சொன்னேன். கீழ வரைக்கும் ஒவ்வொண்ணா வெரல வச்சுப் படிக்காரு, அந்த வெரலு ஆலிவின் கால்சியத்துல வந்து நின்னுட்டு, ரொம்ப நேரம் நின்னுட்டு. பொறவு மெதுவா, "ஆங்ரைட்டு"ன்னாரு, என்கிட்ட இல்ல, கல்லுகிட்ட. நெஞ்சுக்குள்ள ஆயிரம் கொலவ எனக்கு. ஆனா மனுசன் நிமிந்து, "சரி, அது நீ ஜெயிச்ச. கீத்துக்குப் பதில் சொல்லு. ஆங்ரைட்டுக்குள்ள தண்ணின்னா அது இன்னும் பெரிய விசயம்லா மக்களே, திங்கக்கிழமை நான் எந்திரிச்சு நின்னா..." மொகத்துல அந்த ஆச இருக்கு, குளுப்பாட்டும்போது இருந்த அதே ஆச. "சார், தண்ணி ஓடுச்சு சார். நீங்கதான் ஊத்துனீங்க." "என்னது?" "வேப்பமரத்தடி சார். பனியனோட." ஜெசிந்தா அக்கா சொவரப் பாத்துத் திரும்பிக்கிட்டா, முதுகு குலுங்குது. முத்துப்பேச்சியோட சருவம் சாரு கண்ணுக்குள்ள வந்துட்டுப் போறது எனக்கே தெரியுது. ஆனா புரொபசருல்லா, விட்டுக்குடுப்பாரா? "நிரூபி. வாய் பேசலாம் மக்களே, ஆதாரம் வேணும். அந்தத் துன்னூறு ஒரு பொட்டாவது இருக்கா ஒன்கிட்ட, ஒத்துப் பாக்க?" என்கிட்ட இல்ல. சிந்தலக்குண்டுக்குப் போயித்தான் வாங்கணும், இன்னைக்கு வெள்ளி, திங்கக்கிழமைக்குள்ள... நான் அவர அண்ணாந்து பாக்கேன். நெத்தி. அந்த ஊருலேருந்து கெளம்பும்போது முத்துப்பேச்சி ஒரு பொட்டலம் துன்னூறு மடிச்சுக் குடுத்தாளே, இதான் மக்களே ஒரிஜினலு, கடையில விக்கதெல்லாம் சுண்ணாம்புத்தூளுன்னு அன்னைக்கிலேருந்து அதத்தான பூசிக்கிட்டு வாராரு, டிப்பார்ட்மெண்டுல எல்லாருக்கும் பெருமையாக் காட்டிக்கிட்டு. நான் ஜெசிந்தா அக்கா மேசையத் தொறந்து ஒட்டுற கார்பன் டேப்ப எடுத்து ஒரு துண்டு கத்தரிச்சேன். "ஏட்டி, பொடிய என் மிஷினுக்குள்ள விட்டே கொன்னுருவேன், பக்கத்து ரூம்பு சின்ன மிஷினுல போயிப் பாரு"ங்கா அக்கா, அவளுக்கு அதுக்குள்ள புரிஞ்சு போச்சு. சாருக்கும் புரிஞ்சு போச்சு. டேப்பப் பாக்காரு, என்னையப் பாக்காரு, மொகத்துல எந்தப் பக்கம் கோவம், எந்தப் பக்கம் சிரிப்புன்னு பிரிக்க எந்த மிஷினும் இல்ல. "திங்கக்கிழமை நீதான் பேசுத"ன்னாரு. "நான்தான் ஊத்துனேன்னு என்னால அங்கன நின்னு சொல்ல முடியாது." "பேசுதேன் சார். மொதல்ல குனிங்க." குனிஞ்சாரு. பழக்க தோசத்துல கண்ணையும் மூடிக்கிட்டாரு. டேப்ப நெத்தியில வச்சு அழுத்தி மெதுவா உரிச்சேன், மேல் கோட்டுக்கு நடுவுல தபால் தலையில பாதி அளவுக்கு ஒரு எடம் மட்டும் சுத்தமா, பளிச்சுன்னு. நிமிரப் பாத்தாரு. "அசையாதீங்க சார், ஒரு தடவ அளந்தா நீங்களே நம்ப மாட்டீங்க, இன்னும் ரெண்டு கோடு இருக்கு."